மூன்றாம் ஓலை

சனிக்கிழமை சாயங்காலம் வேதமாணிக்கம் புகைவீட்டு வாசலில் நின்றுகொண்டே சோறு சாப்பிட்டார். உட்கார்ந்தால் கண் சொருகிவிடும் என்று அவருக்குத் தெரியும். இடக்கையில் தூக்குச்சட்டி, வலக்கையில் சோறு. பார்வை மட்டும் அடுப்புக்குழியின் வாயை விட்டு அகலவில்லை.

நல்லம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். இந்த நேரத்தில் மனைவி வந்து நின்றால் ஏதோ கேட்கப்போகிறாள் என்று அர்த்தம். கேட்பதற்கு முன்பே அவர் முகத்தைச் சுளித்தார்.

“நாளைக்கு மூணாவது ஓலை. ஈப்போவுலருந்து சம்பந்தியே நேர்ல வாராரு,” என்றாள் அவள்.

“தெரியும்.”

“போன ரெண்டு வாரமும் நீங்க கோயிலுக்கு வரல. போன ஞாயிறு அவங்க வீட்டு அக்கா என்ன கேட்டுட்டுப் போனாங்க தெரியுமா? ‘பொண்ணுக்கு அப்பா இருக்காரா, இல்லையா’ன்னு கேட்டாங்க. நான் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?”

வேதமாணிக்கம் குழியின் வாயையே பார்த்துக்கொண்டு இன்னொரு பிடி சோற்றை அள்ளினார். 

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் அதை எல்லாருக்கும் அறிவிப்பார். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். மூன்றாம் ஓலை வாசிக்கும்போது பெண்ணின் தகப்பனும் பையனின் தகப்பனும் முன் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவேண்டும். பெயர் சொன்னதும் இருவரும் எழுந்து நின்று, ஊர் கேட்க ‘சம்மதம்’ என்று சொல்லவேண்டும். தகப்பன் உயிரோடு இருந்தும் அந்த இடத்தில் இல்லையென்றால் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. அப்படி நின்றுபோன கல்யாணங்களும் உண்டு.

ஆனால் புகைவீட்டில் நெருப்பு இருந்தது.

வெள்ளைக்காரன் மலேயாவை ஆண்ட காலத்தில் அது ஒரே பெரிய தோட்டம். கோலா கங்சார் சாலையிலிருந்து ஆறு வரைக்கும் ரப்பர் மரந்தான். பிறகு துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். புகைவீடும் அதைச் சுற்றியிருந்த மரங்களும் தவுக்கே என்று கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் கைக்கு வந்தன. அக்கம்பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் எல்லாரும், பாலை உறையவைத்துத் தட்டிய ரப்பர் சீட்டுகளைப் புகையில் உலர்த்த அங்கேதான் கொண்டுவருவார்கள். உள்ளே மூங்கில் கழிகளில் சீட்டுகள் வரிசையாகத் தொங்கும். கீழே குழியில் பச்சை விறகு புகைந்துகொண்டே இருக்கவேண்டும். புகை வேண்டும், சூடு வேண்டும், சுவாலை மட்டும் எழும்பக் கூடாது. ஒரு சீட்டில் நெருப்புப் பட்டால் வீடு முழுக்கப் போய்விடும். ரப்பர் பற்றிக்கொண்டால் லேசில் தண்ணீருக்கு அடங்காது.

அந்தப் புகைவீட்டுக்கு வேதமாணிக்கம்தான் பொறுப்பு. மழை ஓய்ந்து மரங்கள் நன்றாகப் பால் விட்ட நாட்கள் அவை. வாரக்கணக்காக நெருப்பு அணையவில்லை. அவரும் படுக்கவில்லை. விறகு பிளக்கும் மாயாண்டி மாற்று ஆளாக இருக்கத் தயார்தான். ஆனால் நெருப்பை அவன் கையில் ஒப்படைக்க வேதமாணிக்கத்துக்கு மனம் வரவில்லை. மாயாண்டி தலை சாய்த்த இடத்தில் தூங்குகிறவன். மத்தியானம் விறகுக்கட்டின் மேலேயே சாய்ந்து குறட்டை விடுவான்.

தூக்கம் என்ற சொல்லே வேதமாணிக்கத்துக்கு வசவு மாதிரி. காரணம் இருந்தது. துரை காலத்தில் அவருடைய தகப்பனார் மாசிலாமணி இதே புகைவீட்டுக்குக் காவல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெருப்பைச் சீர்செய்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். அலுப்பு மிகுதி, ஆராதனையிலேயே கண் அயர்ந்துவிட்டார். ஆராதனை முடிந்து கோயில் மணி அடிப்பதற்கு முன்னால் புகைவீடு எரிந்து முடிந்திருந்தது. துரை, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னான். ‘தூங்குமூஞ்சி வீடு’ என்ற பெயர் அன்றைக்கு ஒட்டியது. பள்ளிக்கூடத்தில், ஆற்றங்கரையில், மரம் சீவும் வெட்டுக்காட்டில், எங்கே போனாலும் அந்தப் பெயர் வேதமாணிக்கத்துக்கு முன்னால் போய் நின்றது. மாசிலாமணி அதோடு ஒடிந்துபோனார்.

அந்தப் புகைவீட்டைத் திரும்பக் கட்டினபோது அதே வேலையைக் கேட்டு வாங்கியவர் மகன் வேதமாணிக்கம். குடும்பத்தின் பெயரை விழுந்த இடத்திலேயே தூக்கி நிறுத்தவேண்டும் என்பது அவர் வைராக்கியம். நெருப்பு இருக்கும் நாளில் அவர் கண் மூடினதை யாரும் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போவதும் கிறிஸ்துமஸுக்கும் பெரிய வெள்ளிக்கும்தான். அன்றைக்கு அடுப்பு அணைந்திருக்கும்.

உபதேசியார் ஒருமுறை புகைவீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். “உலகத்தையே உண்டாக்கிட்டு, ஏழாம் நாள் ஆண்டவரே கையக் கட்டிக்கிட்டு உக்காந்தாரு. உங்க வேலை அதைவிடப் பெரிசா வேதமாணிக்கம்?”

“அவர் உக்காந்தா உலகம் ஓடும். நான் உக்காந்தா வீடு எரியும். எங்கப்பா அந்த ஓய்வு நாளை ஆசரிச்சவர்தான். என்ன கிடைச்சிச்சு?”

ஆண்டவர் ஆத்துமாவைப் பார்ப்பார், அடுப்பைப் பார்க்கமாட்டார். இதுதான் வேதமாணிக்கம் கண்ட முடிவு. ஜெபம் தவறாமல் செய்வார். ஆனால் புகைவீட்டைப் பற்றி ஒருநாளும் ஜெபித்தது கிடையாது. அது தன் வேலை.

நல்லம்மாள் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டாள். “வாரீங்களா, இல்லையா? ஒரே வார்த்தை சொல்லுங்க. ஜெயமணி சாப்பிடாம உக்காந்திருக்கா.”

மகள் பெயரைச் சொன்னதும் அவர் திரும்பினார். கண்கள் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தன.

“வாரேன்,” என்றார். “ஓலை வாசிச்சதும் திரும்பிடுவேன்.”

ஞாயிறு காலை. வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு வேதமாணிக்கம் புகைவீட்டை நாலு தடவை சுற்றி வந்தார். மாயாண்டி ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து பீடியைக் காதில் சொருகிக்கொண்டான்.

“இங்க பீடி பத்த வைக்காதே.”

“காதுலதான் இருக்கு அண்ணே. காது புகைக்குமா?”

“விளையாடாதே மாயாண்டி. சுவாலை வந்தா என்ன செய்வ?”

“சாம்பல அள்ளிப் போடுவேன்.”

“அதுக்கும் அடங்கலைன்னா?”

“ஈரச்சாக்கு. அதுக்கும் அடங்கலைன்னா கட்டைய வெளிய இழுத்துருவேன். நேத்திலிருந்து இதையே எத்தனை வாட்டிதான் கேப்பீங்க? தாப்பா அண்ணே, பரவால்ல, போயிட்டு வாங்கலா. பொண்ணு கல்யாணம்.”

“தூங்கிட மாட்டியே?”

மாயாண்டி சிரித்தான். “நான் ராத்திரி நல்லாத் தூங்குனவன். பகல்ல முழிச்சிருப்பேன். உங்களப் பாத்தாதான் நின்னுக்கிட்டே விழுந்துருவீங்க போல இருக்கு.”

இந்தப் பேச்சு வேதமாணிக்கத்துக்குப் பிடிக்கவில்லை. கோயிலின் முதல் மணி அடித்தது. மாயாண்டி சாக்கு நனைக்க ஓடைக்குப் போன நேரம் பார்த்து அவர் குழியருகே குனிந்தார். இவன் எங்கே விறகு தள்ளப்போகிறான்? எங்கே புகையை அணையவிடாமல் காக்கப்போகிறான்? நான் திரும்பும்வரைக்கும் தாங்குகிற மாதிரி நானே போட்டுவிட்டுப் போகிறேன். சுவரோரம் அடுக்கியிருந்த விறகைக் கைநிறைய எடுத்தார். ஒருமுறை, இன்னொருமுறை, பிறகும் ஒருமுறை குழிக்குள் திணித்தார். கண்ணெரிச்சலில் எதிரே எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

கோயில் சின்ன மேட்டில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. முன் வரிசையில் சம்பந்தி பாக்கியநாதன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஈப்போ பக்கம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். கோட்டு போட்டிருந்தார். கையில் மடித்த குடை. சிரிப்பைச் செலவழிக்காத முகம்.

“வாங்க,” என்றார். “நேர்ல பாக்க இவ்வளவு நாளாச்சு.”

குத்தல் புரிந்தது. “வேலை அப்படி,” என்று சொல்லிவிட்டு வேதமாணிக்கம் விறைப்பாக உட்கார்ந்தார். முதுகைச் சாய்க்கவில்லை.

அவருடைய இடத்திலிருந்து பார்த்தால் பக்கவாட்டு ஜன்னல் வழியாக மரங்களுக்கு மேலே புகைவீட்டுப் புகை தெரியும். அதற்காகவே அந்த ஓரத்தில் உட்கார்ந்தார். வெள்ளைப் புகை சீராக எழும்பிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. ஓலை வாசிப்பது கடைசியில்தான். அதற்கு முன் பிரசங்கம் இருந்தது. உபதேசியார் நிதானமாக ஆரம்பித்தார்.

வேதமாணிக்கம் ஜன்னலைப் பார்த்தார். புகை கொஞ்சம் மெலிந்திருந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மறுபடி பார்த்தபோது புகையே இல்லை. மரங்களுக்கு மேலே வெறும் வானம். பச்சை விறகு இருக்கும்வரை புகை நிற்காது. புகை நின்றால் ஒன்று நெருப்பு அணைந்திருக்கவேண்டும், இல்லை சுவாலை பிடித்திருக்கவேண்டும்.

காலை முன்னால் வைத்தார். எழுந்து ஓடினால் ஆற்றுப்பாலம் தாண்டிப் போய்விடலாம். பின் வரிசையில் ஜெயமணி உட்கார்ந்திருந்தாள். கழுத்தைத் திருப்பாமலே மகளின் பார்வை தன் முதுகில் பதிந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் பாக்கியநாதன், குடையின் கைப்பிடியில் இரு கையும் வைத்தபடி அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன, கிளம்பறீங்களா?” என்று மெல்லக் கேட்டார் சம்பந்தி.

ஓடினால் மகள் கல்யாணம் போகும். ஓடாவிட்டால் தகப்பனுக்கு வந்த பெயர் தனக்கும் வரும். அதே ஞாயிறு, அதே கோயில், அதே நெருப்பு. வேதமாணிக்கத்தின் கை பெஞ்சுப் பலகையை இறுக்கிப் பிடித்திருந்தது. பிரசங்கத்தில் ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை. அங்கே இருந்தாலும் தன்னால் என்ன செய்யமுடியும் என்று முதன்முதலாகத் தோன்றியது. நிற்கவே பலமில்லை. சாக்கைத் தூக்கினால் கை நடுங்கும். இத்தனை வருஷமாகத் தாங்கிப் பிடித்ததாக நினைத்த வீடு, தான் இல்லாத இந்த ஒரு நேரத்தில் நிற்கிறதோ விழுகிறதோ, தன் கையில் இல்லை.

தலையைக் குனிந்தார். புகைவீட்டைப் பற்றி அவர் ஆண்டவரிடம் பேசியது அன்றைக்குத்தான். நல்ல சொற்கள் எதுவும் வரவில்லை.

‘என்னால ஆகலை. நீரே பாத்துக்கும்.’

அவ்வளவுதான். கை தானாகப் பெஞ்சைவிட்டு நழுவியது. மறுபடி ஜன்னலைப் பார்க்கலாமா என்று நினைத்தார். பார்க்கவில்லை.

கண் விழித்தபோது கோயில் காலியாகத் தெரிந்தது. அவர் கன்னம் கம்பளித் துணியின் மேல் இருந்தது. சம்பந்தியின் கோட்டுத் தோள். பாக்கியநாதன் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு வெளியே ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. நடுவில் பத்துமலையின் குரல். தபால் கொண்டுவரும் அந்த ஆளுக்கு நாக்கு நீளம்.

“அப்பன் தூங்குன அதே பெஞ்சுலா! தூங்குமூஞ்சி வீடுன்னு சும்மாவா சொன்னாங்க?”

சிரிப்புக் கேட்டது. வேதமாணிக்கம் துள்ளி எழுந்தார்.

“ஓலை?”

“வாசிச்சாச்சு,” என்றார் பாக்கியநாதன். மரத்துப்போன தோளை மெல்ல அசைத்துக்கொண்டார். “உங்க பேரச் சொன்னாங்க. நீங்க குறட்டை விட்டீங்க. உங்க வீட்டம்மா எந்திரிச்சுச் சம்மதம் சொன்னாங்க.”

“நீங்க?”

“நான் உக்காந்துகிட்டே சொன்னேன். எந்திரிச்சா உங்க தலை கீழ விழுந்திருக்குமே.”

“என்னை எழுப்பியிருக்கலாம். இப்படி அவமானப்பட வச்சிட்டீங்களே.”

“எழுப்ப உங்க வீட்டம்மா வந்தாங்க. நான்தான் வேணாம்னேன். நான் கேட்டுல ராவும் பகலும் கண்ணு முழிச்சவன். தூங்காதவன் கையில கேட்டைக் குடுத்தா என்னாகும்னு எனக்குத் தெரியும். நீங்க வந்து உக்காந்ததும் உங்க கண்ணப் பாத்தேன். மரியாதைக்காக வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுது. அது போதும் எனக்கு.”

வேதமாணிக்கத்தால் அவரை நிமிர்ந்து பார்க்கமுடியவில்லை. அப்போதுதான் வாசலில் மாயாண்டி தெரிந்தான். சட்டையில்லை. மார்பெல்லாம் கரி. புருவம் ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. உள்ளே வரத் தயங்கி, படிக்கு வெளியே நின்று கையசைத்துக் கூப்பிட்டான்.

வேதமாணிக்கம் இறங்கி வந்தார்.

“போயிடுச்சா?” என்று கேட்டார்.

“வீடு இருக்கு அண்ணே.” மாயாண்டி குரலைத் தாழ்த்தினான். “சுவாலை எழும்பிச்சு. அனல்ல ரெண்டு கழி சீட்டு ரோசாக்கு, கெட்டுப்போச்சு. சாம்பல போட்டேன், அடங்கல. கட்டை எல்லாத்தையும் வெளிய இழுத்துப்போட்டு, கதவுல பத்தினத ஈரச்சாக்கால அடிச்சு அணைச்சேன். இப்பப் பச்சை விறகு போட்டிருக்கேன், அடங்கிப் புகை நல்லா வருது. தவுக்கேகிட்ட நான் ஏதாச்சும் சொல்லிக்கிறேன்.”

“ஏன் எழும்பிச்சு?”

மாயாண்டி சுற்றுமுற்றும் பார்த்தான். பத்துமலையும் மற்றவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சம்பந்தியும் படியிறங்கி வந்துவிட்டார்.

“அது... ஒண்ணும் இல்லண்ணே. அப்புறம் பேசலாம்.”

தன் மானத்தை இன்னொருவன் மூடிவைப்பதைவிட வேதமாணிக்கத்துக்குக் கேவலம் வேறில்லை. முதுகை நிமிர்த்தினார்.

“எல்லார் முன்னாலயும் சொல்லு. நீ தூங்கினியா?”

“நான் ஏண்ணே தூங்குறேன்?” மாயாண்டிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. “குழிக்குள்ள கிடந்தது காஞ்ச விறகு. கல்யாணச் சமையலுக்குன்னு நீங்க சுவரோரமாக் காயப்போட்ட விறகு. பச்சை விறகு அந்தப் பக்கம் அப்படியே இருந்துச்சு. நான் ஓடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள யாரு போட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும்.”

பத்துமலை மெல்ல இரண்டடி பின்வாங்கினான்.

வேதமாணிக்கம் கையைப் பார்த்தார். விறகுத்தூள் இன்னும் நகக்கண்ணில் இருந்தது. தூங்கினதால் வந்த நெருப்பு அல்ல அது. தூங்காமல், யாரையும் நம்பாமல், தானே போட்ட நெருப்பு. அதை அவித்தவன் நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவன். தன் தலை இன்னொருவர் தோளில் கிடந்த நேரத்தில் வீட்டைக் காப்பாற்ற ஆள் இருந்திருக்கிறது. ஜெபம் அவருக்கு நினைவு வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

“நான்தான் போட்டேன்,” என்றார் உரக்க. “தவுக்கேகிட்ட நானே சொல்றேன். மாயாண்டி மேல ஒரு சொல் வரக்கூடாது.”

பாக்கியநாதன் தொண்டையைச் செருமினார். “அப்ப கல்யாணத்துக்குப் பச்சை விறகுலதான் சமையலா? சம்பந்திகளுக்குக் கண்ணுல தண்ணி நிக்காது.”

முதலில் நல்லம்மாள்தான் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மகளுக்கு முகம் மலர்ந்ததை வேதமாணிக்கம் பார்த்தார்.

“வாங்கண்ணே,” என்றான் மாயாண்டி. “வந்து ஒரு கண்ணு பாத்துட்டுப் போங்க. உங்களால பாக்காம இருக்க முடியாது.”

அவர் கால் பழக்கத்தில் பாலத்துப் பக்கம் திரும்பியது. இரண்டு அடி வைத்தார். பக்கத்தில் சம்பந்தி நின்றார், பின்னால் மகள் நின்றாள். வீட்டில் சாப்பாடு தயாராக இருந்தது. அவர் நின்றார்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“பச்சை விறகு இருக்கா?”

“கிடக்கு நிறைய.”

“அப்ப நீயே பாரு. உனக்கு வீட்டுலருந்து சோறு வரும். நான் நாளைக்குக் காலைல வாரேன்.”

மாயாண்டி நம்பாமல் பார்த்தான். “மெய்யாவா அண்ணே?”

“போடா, நெருப்பு கிடக்கு.”

வீட்டில் சம்பந்திக்கு இலை போட்டார்கள். வேதமாணிக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார். உட்கார்ந்து சாப்பிடுவதே அவருக்கு விநோதமாக இருந்தது. சாப்பாட்டுக்கு நடுவே இருமுறை காது வாசலுக்குப் போனது. ஒருமுறை கையைக்கூடத் தரையில் ஊன்றினார். எழவில்லை. பாக்கியநாதன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோலக் குழம்பு கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டதும் சம்பந்தி சாய்வு நாற்காலியில் காலை நீட்டினார். “பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. நான் கொஞ்சம் கண்ணசரப் போறேன். நீங்களும் படுங்க.”

நல்லம்மாள் பாயை விரித்தாள். நடு மத்தியானம், வாசல் நிறைய வெயில், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று வேதமாணிக்கம் படுத்தார்.

“சம்பந்தி கிளம்பும்போது எழுப்பு,” என்றார்.

“எழுப்பமாட்டேன்,” என்றாள் அவள்.

அவர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். ஜெயமணிக்காக, சம்பந்திக்காக, புகைவீட்டுக்காக. மாயாண்டியின் பெயர் வரைக்கும் வந்தார். அதற்குமேல் போகுமுன் தூங்கிப்போனார்.